சோமாஸ்கந்தன் பொய் சொல்லும்வரை

"உமக்கு என்ன வேணும்?" என்று சட்டத்தரணி மயூரநாதன் கேட்டபோது கஜாலினி யோசிக்கவேயில்லை.

"அந்த மனிசன் அழியவேணும்."

மயூரநாதன் தலையைச் சரித்து வலது காதை அவள் பக்கம் திருப்பினார். இடது காது அவருக்கு மந்தம். "திருப்பிச் சொல்லும்" என்றார். திருப்பிச் சொன்னாள். இரண்டாம் தரம் சொல்லும்போது அந்தச் சொல் வாய்க்கு இன்னும் பிடித்திருந்தது.

ஊர்காவற்றுறையில் கடலைப் பார்த்திருந்த அவருடைய வீட்டின் முன்னறைதான் அலுவலகம். மருத்துவச் சபையின் விசாரணைக்கு முகங்கொடுக்க வேண்டிவந்த வடபகுதி டொக்டர்மார் பலர் அந்த அறைக் கதிரையில் இருந்து வியர்த்திருக்கிறார்கள். மயூரநாதனுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கொழும்புக்குப் போய் வாதாடிவிட்டு அடுத்த நாளே ஊருக்குத் திரும்பி ஆட்டுக்குக் குழை கட்டுகிற ஆள்.

"தங்கச்சி, என்னட்டை வாற டொக்டர்மார் ரெண்டு வகை. பயத்திலை வாறவை, கோபத்திலை வாறவை. பயத்திலை வாறவையைக் காப்பாத்திறது லேசு. சொன்னதைக் கேப்பினம். கோபத்திலை வாறவை லோயரைத் தேடி வாறேல்லை, கத்தியைத் தேடி வருவினம். நான் கத்தி இல்லை. உம்மடை டொக்டர் பதிவைக் காப்பாத்திறது மட்டும்தான் என்ரை வேலை."

"பதிவு போனாலும் பறவாயில்லை சேர்."

"அப்பிடிச் சொன்ன ஆக்களையும் கண்டிருக்கிறன். பதிவு போனாப் பிறகு ஒருத்தரும் அப்பிடிச் சொன்னதைக் காணேல்லை. முதல் நடந்ததைச் சொல்லும்."

கஜாலினி வேலணைக்காரி. முப்பத்துநாலு வயது. யாழ்ப்பாண நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளர் விடுதி டொக்டராக இருந்தாள். அந்த ஆஸ்பத்திரியின் சொந்தக்காரரும் அவரே, பெரிய சத்திரசிகிச்சை நிபுணரும் அவரே: டொக்டர் சோமாஸ்கந்தன். நெடுந்தீவிலிருந்து நிலுஜா என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். சூலகத்தில் கட்டி. பெரிய ஒபரேசன் இல்லை. சோமாஸ்கந்தன் காலையில் அதைச் செய்து முடித்தார். முடித்த கையோடு நயினாதீவுக்குப் புறப்பட்டார். அங்கே அவர் தன் செலவில் கட்டுவித்த சின்னப் பிள்ளையார் கோயிலுக்கு மறுநாள் கும்பாபிசேகம். அன்று பின்னேரம் யாகபூசை.

மத்தியானத்துக்குப் பிறகு நிலுஜாவின் முகம் வெளிறத் தொடங்கியது. நாடி ஓடியது. வயிறு கல்லாக இறுகிவந்தது. கஜாலினி சோமாஸ்கந்தனுக்கு அழைப்பு எடுத்தாள்.

"சேர், உள்ளுக்கை இரத்தம் போகுது. திரும்பத் திறக்கவேணும். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பட்டோ?"

"வேண்டாம். அங்கை அனுப்பினா நாளைக்குப் பேப்பரிலை வரும். சேலைனைக் கூட்டி விடு. நான் வந்து பாக்கிறன்."

நேரம் போனது. இரத்த அழுத்தம் இறங்கியது. மறுபடியும் எடுத்தாள். இம்முறை பின்னாலே தவில் கேட்டது. யாரோ ஒருவர், "டொக்டர், சங்கற்பத்துக்கு வாங்கோ, நேரம் போகுது" என்று கூப்பிட்டார். சோமாஸ்கந்தன் ரெலிபோனை வாயிலிருந்து விலக்காமலே அவருக்குப் பதில் சொன்னார்: "பொறுங்கோ ஐயா, இஞ்சை ஒரு பெட்டைக்கு உள்ளுக்கை இரத்தம் போகுதாம்." பிறகு அவளிடம், "அங்கையே வைச்சிரு எண்டு சொன்னனான் எல்லோ" என்றார். அவ்வளவுதான். மூன்றாம் தரம் எடுத்தபோது பதில் இல்லை.

கஜாலினி முகாமையாளரோடு சண்டை பிடித்து அம்புலன்சை வரவழைத்தாள். அரசாங்கத்தின் பெரியாஸ்பத்திரியில் டொக்டர்மார் ஓடித்தான் போனார்கள். நிலுஜா ஒபரேசன் மேசையில் செத்துப்போனாள்.

அடுத்தநாள் சோமாஸ்கந்தன் நெற்றியில் திருநீறோடு வந்து இறங்கினார். பிள்ளையின் தகப்பன் இன்னாசித்தம்பியைக் கட்டிப்பிடித்தார். "அந்த டொக்டர் பெட்டை எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா" என்று சொல்லி அழுதார். அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. இன்னாசித்தம்பி ஆஸ்பத்திரிப் படலையடியில் கஜாலினியை மறித்து, சனம் பார்க்க மண்ணை அள்ளித் தூற்றினார். "என்ரை பிள்ளையைத் திண்டிட்டாய். நீ இனி ஒருத்தரையும் தொடக்கூடாது" என்றார். அதையே முறைப்பாடாக எழுதி மருத்துவச் சபைக்கு அனுப்ப சோமாஸ்கந்தனின் ஆட்களே உதவி செய்தார்கள். சோமாஸ்கந்தன் தன் பங்குக்குச் சத்தியக்கடதாசி கொடுத்தார். கஜாலினி இரண்டு தரம் எடுத்தது உண்மை, இரண்டு தரமும் நோயாளி நல்லாயிருப்பதாகவே சொன்னாள் என்று அதில் இருந்தது. விடுதித் தாதிமார் தாங்கள் ஒன்றையும் கவனிக்கவில்லை என்றார்கள்.

வேலை போனது. விசாரணை கிடக்கிறதென்று வேறு ஆஸ்பத்திரிகளும் எடுக்கவில்லை. வேலணைச் சந்தையில் தெரிந்த பெண்கள் அவளைக் கண்டதும் மீன் விலையைப் பற்றி மும்முரமாகக் கதைக்கத் தொடங்கினார்கள்.

இவ்வளவும் கேட்ட மயூரநாதன் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "சங்கற்பத்துக்குக் கூப்பிட்ட ஆள் ஆர்?"

"அந்தக் கோயில் ஐயராத்தான் இருக்கவேணும்."

"இதை ஏன் தங்கச்சி கடைசியாச் சொல்லுறீர்?" என்று அவர் எழுந்தார்.

அவர்கள் நயினாதீவுக்குப் போவதற்கிடையில், சோமாஸ்கந்தன் வேலணைக்கு வந்தார்.

முன்னறிவித்தல் ஒன்றும் இல்லை. வெள்ளைக் கார் ஒழுங்கையில் வந்து நின்றது. கஜாலினியின் தாய் பதறிப்போய்த் தேத்தண்ணி போட்டுக்கொடுத்தாள். அவர் அதைக் குடித்து, நல்லாயிருக்கிறது என்றும் சொன்னார்.

"பிள்ளை, நான் உன்னைக் கெடுக்க வரேல்லை" என்று தொடங்கினார். "எனக்குச் சொன்ன விதத்திலை ஒரு பிழை நடந்து போச்சு எண்டு எழுதிக் குடு. சபை ஒரு எச்சரிக்கையோடை விட்டிடும். அந்தத் தகப்பனை நான் சமாளிக்கிறன். கொஞ்சக் காலம் போக நீ திரும்பி எங்களிட்டையே வரலாம்."

"நான் சரியாத்தானே சேர் சொன்னனான்."

"அது எனக்குத் தெரியும்" என்றார் சோமாஸ்கந்தன், மிகவும் சாதாரணமாக. "ஆனா யோசிச்சுப் பார். நான் போனா ஒரு ஆஸ்பத்திரி போகுது. நீ போனா என்ன போகுது?"

தாய் குசினி வாசலில் நின்றாள். அவளுக்கு அந்தக் கடைசி வசனம் மட்டும் கேட்டது. தாய்க்குக் கேட்டுவிட்டது என்பதைக் கஜாலினி கண்டாள். அதுவரைக்கும் அவளுக்குள் இருந்தது கோபம், கோபம் தணியக்கூடியது. அந்தக் கணத்தில் அது வேறொன்றாக மாறி உறைந்தது.

"யோசிச்சுச் சொல்லுறன் சேர்" என்றாள். கார்வரைக்கும் போய் வழியனுப்பியும் விட்டாள்.

குறிகட்டுவானில் படகு ஏறும்போது மயூரநாதனிடம் அதைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். "அது எங்களுக்குச் சாட்சி இல்லை. தாயும் மகளும் சொல்லுறது. ஆனா அந்த ஆள் இனி என்ன செய்வார் எண்டு விளங்குது."

கஜமுகன் ஐயருக்கு நாற்பது வயதிருக்கும். கோயிற் கிணற்றடியில் விளக்குகளைப் புளிபோட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மயூரநாதன் விசயத்தைச் சொன்னதும் தேய்ப்பதை நிறுத்தினார்.

"டொக்டர் அப்பிடிச் சொன்னது உண்மை. என்ரை காதாலை கேட்டனான். ஆனா கொழும்புக்கு வந்து சொல்லச் சொன்னா ஏலாது. இந்தக் கோயில் அவர் கட்டினது. நாங்கள் இருக்கிற வீடும் அவர் தந்தது."

மயூரநாதன் அவரிடம் கெஞ்சத் தொடங்கினார். கஜாலினி கெஞ்சவில்லை.

"ஐயா, அந்தப் பிள்ளைக்குப் பத்தொன்பது வயசு. நீங்கள் சங்கற்பம் சொல்லேக்கை அது உயிரோடை இருந்தது. தண்ணி தாங்கோ எண்டு கேட்டது. நீங்கள் பூசை முடிக்கேக்கைதான் அம்புலன்சிலை ஏத்தினனாங்கள்."

ஐயர் ஈரக் கையைத் துடைக்காமல் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டார். அவருடைய முகத்தைப் பார்க்கக் கஜாலினிக்குப் பாவமாக இல்லை. ஒரு ஊசி சரியான நரம்பில் இறங்கியதுபோல இருந்தது.

பிறகு ஐயர் கேட்டார். "எப்ப வரவேணும்?"

திரும்பி வருகிற படகில் மயூரநாதன் சிரித்த முகமாக இருந்தார். "வேலை முடிஞ்சுது. ஐயரிட்டை ஒரு சத்தியக்கடதாசி எடுப்பம். பூர்வாங்க விசாரணையிலையே அதைக் குடுப்பம். சபை உம்மடை கேசை அங்கேயே தூக்கி எறிஞ்சுபோடும். வாற வருசம் நீர் வேலையிலை நிப்பீர்."

"அவர்?"

"அவரோ? இரைச்சலிலை எனக்கு வடிவாக் கேக்கேல்லை, பிழையா விளங்கிப்போட்டன் எண்டு சொல்லுவார். கண்டிச்சு ஒரு கடிதம் வந்தாலும் வரும்."

"அப்ப குடுக்கவேண்டாம்."

மயூரநாதன் காதைத் திருப்பினார். படகின் இரைச்சலில் தனக்குப் பிழையாகக் கேட்டுவிட்டதென்று நினைத்தார்.

"இப்ப குடுக்கவேண்டாம் சேர். முதல் அவர் சபைக்கு முன்னாலை நிண்டு சத்தியம் பண்ணிப் பொய்யைச் சொல்லட்டும். வடிவாச் சொல்லி முடிக்கட்டும். பிறகு ஐயரைக் கூப்பிடுவம்."

"விசர்க்கதை கதையாதையும். அதுக்குப் பெரிய விசாரணை வரைக்கும் போகவேணும். ஒரு வருசத்துக்கு மேலை இழுபடும். அதுக்கிடையிலை ஐயருக்குச் சுவிசிலை ஒரு கோயில் கிடைச்சா ஏறிப் போயிடுவார். இல்லாட்டி மனம் மாறுவார். அப்ப உம்மட்டை ஒண்டுமில்லை. பதிவும் இல்லை."

"முதற்கட்டத்திலை எல்லாத்தையும் சொல்லவேணும் எண்டு சட்டம் கிடக்கோ?"

"இல்லை."

"ஐயரின்ரை பேரைச் சாட்சிப் பட்டியலிலை போட்டா அவருக்குத் தெரியவருமோ?"

மயூரநாதன் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சோமாஸ்கந்தன் வெறும் சாட்சி. முறைப்பாட்டுக்காரன் இன்னாசித்தம்பி. பட்டியலைச் சபை அவனுக்குத்தான் காட்டும். அது ஆங்கிலத்திலை இருக்கும், அவனுக்கு விளங்காது." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நான் உம்மடை பதிவுக்கு நிக்கிற ஆள். நான் சொல்லுற புத்தி, இப்பவே குடும் எண்டதுதான். கேக்கிறதும் விடுறதும் உம்மடை விருப்பம்."

"நான் கேக்கேல்லை."

"சரி. பிறகு என்னைக் குறை சொல்லாதையும்."

அப்படியே செய்தார்கள். பூர்வாங்க விசாரணைக்கு, குற்றச்சாட்டை மறுக்கிறேன் என்ற அளவில் ஒரு சின்னப் பதில் மட்டும் போனது. பெரிய விசாரணை நடத்தப் போதிய காரணம் இருக்கிறது என்று சபை அறிவித்தது. அந்தச் செய்தி வந்த அன்று தாய் சாமியறையில் இருந்து அழுதாள். கஜாலினி முற்றத்தில் நின்று தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் மனதுக்குள் பாடிக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் பிழையில்லை.

காத்திருப்பு லேசாக இருக்கவில்லை. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தாள். மருந்து என்று யாரும் கேட்டால் வாயைத் திறக்கவில்லை. சோமாஸ்கந்தன் இன்னும் உயர்ந்துகொண்டு போனார். நிலுஜாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு நெடுந்தீவில் குடிநீர்த் தாங்கி ஒன்று கட்டிக்கொடுத்தார். பத்திரிகையில் படம் வந்தது. தாங்கியில் நிலுஜாவின் பெயரும் அவருடைய பெயரும் பொறித்த கல். பக்கத்தில் இன்னாசித்தம்பி, அவருடைய கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தபடி. கஜாலினி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். ஏறட்டும், இன்னும் ஏறட்டும் என்று நினைத்தாள்.

அந்தப் படத்தில் இருந்த மற்ற மனிதனைப் பற்றி அவள் நினைக்கவில்லை.

ஐயர் சுவிசுக்குப் போகவில்லை. விசாரணைக்கு முதல்நாளே கொழும்புக்கு வந்து மயூரநாதனின் உறவினர் வீட்டில் தங்கினார்.

விசாரணை ஆங்கிலத்தில் நடந்தது. இன்னாசித்தம்பிக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்திருந்தார்கள். இன்னாசித்தம்பி கறுத்தக் காற்சட்டையும் வெள்ளைச் சேட்டும் போட்டு மாதா கோயிலுக்கு வந்தவரைப்போல இருந்தார். கஜாலினியின் பக்கம் திரும்பவேயில்லை. சோமாஸ்கந்தன் சத்தியம் செய்துவிட்டு, சாட்சிக் கதிரையில் சாவகாசமாக அமர்ந்தார்.

"டொக்டர் கஜாலினி அன்று பிற்பகல் உங்களை அழைத்தாரா?" என்று மயூரநாதன் கேட்டார்.

"இரண்டு தடவை."

"என்ன சொன்னார்?"

"நோயாளி நன்றாக இருக்கிறார் என்று."

"மன்னிக்கவேண்டும், எனக்கு ஒரு காது கேளாது. இன்னொரு தடவை?"

"நோயாளி நன்றாக இருக்கிறார் என்று சொன்னார்."

"இரத்தப்போக்கு என்ற சொல்லை அவர் பாவிக்கவில்லையா?"

"இல்லை."

"அங்கே யாகம், தவில், சனம். அந்தச் சத்தத்தில் அந்தச் சொல் உங்களுக்குக் கேட்காமல் போயிருக்கலாம், இல்லையா?"

அது ஒரு திறந்த கதவு. அதன் வழியே வெளியே போயிருந்தால் சோமாஸ்கந்தன் பிழைத்திருப்பார். கஜாலினி மேசைக்குக் கீழே முழங்காலை இறுக்கிப் பிடித்தாள். போகாதே, போகாதே என்று மனம் அடித்தது.

சோமாஸ்கந்தன் மெல்லச் சிரித்தார். "நான் ஒதுக்குப்புறமாக நின்றுதான் பேசினேன். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது."

"பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டாம் என்று நீங்கள் சொல்லவில்லை?"

"அவர் அப்படி ஒன்று கேட்கவேயில்லை." பிறகு அவர் இன்னாசித்தம்பி இருந்த பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "அந்தப் பிள்ளைக்கு இரத்தம் போகுது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, படகு இல்லாட்டியும் நான் நீந்தியெண்டாலும் வந்திருப்பன்."

இன்னாசித்தம்பி கைலேஞ்சியால் முகத்தை மூடினார்.

"நன்றி டொக்டர். எனக்கு வேறு கேள்வி இல்லை" என்றார் மயூரநாதன்.

பின்வரிசைக்குப் போன சோமாஸ்கந்தனிடம், திரும்பவும் தேவைப்படலாம் என்பதால் போகவேண்டாம் என்று சபைச் சட்டத்தரணி சொன்னார். அவரும் கால்மேல் கால் போட்டு இருந்தார். அப்போது கதவைத் திறந்துகொண்டு கஜமுகன் ஐயர் வந்தார். மேற்சட்டைக்கு மேல் சால்வை போட்டிருந்தார். சோமாஸ்கந்தனின் கால் மெல்ல இறங்கியதைக் கஜாலினி பார்த்தாள். அதை அவள் பிறகு பல நாட்கள் நினைத்து நினைத்து ருசித்தாள்.

ஐயர் தமிழில் சாட்சி சொன்னார். தான் சங்கற்பத்துக்குக் கூப்பிட்டதையும், ஒரு பெட்டைக்கு உள்ளுக்குள் இரத்தம் போகுதாம் என்று டொக்டர் சொன்னதையும் சொன்னார். சபை உறுப்பினர் ஒருவர், இவ்வளவு காலத்துக்குப் பிறகு அது எப்படி உங்களுக்குத் திடமாக நினைவிருக்கிறது என்று கேட்டார்.

"அவர் அதைச் சொன்ன உடனை நான் பூசையை நிப்பாட்டினனான். நீங்கள் போட்டு வாங்கோ, பிள்ளையார் காத்துக்கொண்டிருப்பார் எண்டு சொன்னனான். அவர்தான், 'நீங்கள் நடத்துங்கோ ஐயா, அது ஒரு தீவுப் பெட்டைதான்' எண்டு சொன்னவர்."

இந்தக் கடைசி வசனம் கஜாலினிக்கே தெரியாது. கிணற்றடியில் அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லத் தயங்கினார். ஆனால் அது தேவைப்பட்ட மனிதனுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. இன்னாசித்தம்பி எழுந்து நின்றார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. பின்வரிசையைப் பார்த்தபடி அப்படியே நின்றார்.

வெளியே படிக்கட்டில் அவர் கஜாலினியை மறித்தார்.

"உந்த ஐயர் கேட்டவர் எண்டு உமக்கு எப்ப தெரியும்?"

பொய் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. "அண்டைக்கே தெரியும்."

"ஒரு வருசத்துக்கு மேலை." அவருடைய குரல் உயரவில்லை. "நீர் வந்து எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"நம்பியிருப்பியளோ?"

"நம்பியிருக்கமாட்டன். ஐயரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தா நம்பியிருப்பன். அவன் கட்டித் தந்த தாங்கித் தண்ணியை நாங்கள் குடிச்சனாங்கள். என்ரை மனிசி அவனுக்காக மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினவள். என்ரை பிள்ளையின்ரை திவசத்திலை அவனை முன்னுக்கு இருத்தினனான். நீர் அதையெல்லாம் பாத்துக்கொண்டு இருந்தனீர்."

"ஓம்" என்றாள் கஜாலினி. பின்னால் வந்த மயூரநாதன் அவளுடைய முழங்கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

தீர்ப்பு வந்தது. பெரிய குற்றச்சாட்டிலிருந்து கஜாலினி விடுவிக்கப்பட்டாள். மேலதிகாரி தடுத்தாலும் நோயாளியை முதலிலேயே அனுப்பியிருக்கவேண்டும் என்று ஒரு எச்சரிக்கை மட்டும் இருந்தது. அவள் அதை மறுத்துக் கதைக்கவில்லை. அது நியாயம் என்று அவளுக்கே தெரியும். வேலணையில் வீட்டு முன்னறையில் ஒரு சின்ன மருந்தகம் போட்டாள். சந்தைப் பெண்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள்.

நெடுந்தீவில் இன்னாசித்தம்பி ஊருக்கு வந்த கையோடு அலவாங்கை எடுத்துக்கொண்டு தாங்கியடிக்குப் போனாராம். கல்லைப் பெயர்த்துக் கடலில் போட்டாராம். தாங்கியை விட்டுவிட்டாராம், சனத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று. இது படகுக்காரர் வாயிலாக வந்த செய்தி.

ஒரு நாள் காலையில் அவரே மருந்தகத்துக்கு வந்தார். நோயாளிகள் போகும்வரை வெளியே நின்றார்.

"சோமாஸ்கந்தனிலை முறைப்பாடு போட்டிருக்கிறன்" என்றார். "அப்புக்காத்து மயூரநாதன் உமக்கு நிண்டபடியா எனக்கு நிக்கேலாதாம். வேறை ஒரு ஆளைக் காட்டித் தந்தவர். அவர் சொல்லுறார், நீர் வந்து சாட்சி சொல்லாட்டி கேஸ் நிக்காது எண்டு. வருவீரோ?"

"வருவன்."

"நான் உமக்கு நன்றி சொல்லமாட்டன்."

"சொல்லவேண்டாம் ஐயா."

இரண்டாம் விசாரணையில் சோமாஸ்கந்தனுக்குக் கொழும்பிலிருந்து பெரிய சட்டத்தரணி வந்திருந்தார். நல்ல கெட்டிக்காரர். அவர் கஜாலினியைப் பார்த்துக் கேட்டார்: "இந்தச் சாட்சியை நீங்கள் நீண்ட காலம் மறைத்து வைத்திருந்தீர்கள். என் கட்சிக்காரரை மாட்டவைக்கத்தானே?"

சபைச் சட்டத்தரணி எழும்பப் போனார். கஜாலினி அதற்கிடையில் பதில் சொன்னாள்.

"ஆம்."

"ஒரு வைத்தியர் செய்கிற வேலையா இது?"

"இல்லை. அவர் என்ன சொல்வார் என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் அவரை மாட்டவைக்க முடியாமல் நான் தோற்றிருப்பேன்."

பெரிய சட்டத்தரணி அதன்பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. பக்கத்தில் இருந்த சோமாஸ்கந்தன் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தார். அந்தக் கைகள் எத்தனையோ வயிறுகளைத் திறந்து நேர்த்தியாகத் தைத்த கைகள். கஜாலினி அந்தக் கைகளிடம்தான் தையல் பழகினாள். அது அவளுக்கு நினைவு வந்தது. நினைவு வந்தும் அவள் இளகவில்லை.

சோமாஸ்கந்தனின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அவர் மேன்முறையீடு செய்தார், அதுவும் சரிவரவில்லை. ஆஸ்பத்திரியை வேறு யாரோ வாங்கிப் பெயர்ப்பலகையை மாற்றினார்கள். கஜாலினி அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு நாள் நகரத்துக்குப் போனாள். எதிர்க்கடையில் சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு, ஏணியில் நின்றவன் பழைய எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவதைக் கடைசி எழுத்துவரை பார்த்தாள். வரும் வழியில் நண்டு வாங்கிவந்து தாயோடு இருந்து வயிறுமுட்டச் சாப்பிட்டாள். அப்படி நித்திரை வந்து வெகுகாலமாகியிருந்தது.

மாரி தொடங்குகிற காலம். யாழ்ப்பாணத்தில் மருந்து வாங்கிக்கொண்டு குறிகட்டுவான் பஸ்ஸில் வந்தபோது முன் இருக்கையில் இன்னாசித்தம்பியைக் கண்டாள். அவரும் கண்டார். அவர் முகத்தை முன்னுக்குத் திருப்பிக்கொண்டார். அல்லைப்பிட்டி தாண்டியது. வேலணை வந்ததும் அவள் எழுந்து கம்பியைப் பிடித்தாள்.

"நில்லும்" என்றார் அவர். "என்ரை மனிசிக்குக் காலிரண்டும் வீங்கிக் கிடக்கு. மூச்சும் இழுக்குது. பிள்ளை போனதிலை இருந்து ஒரு டொக்டரிட்டையும் வரமாட்டன் எண்டு நிக்கிறாள். நீர் வந்து பாப்பீரோ?"

"என்னை விடுவாவோ?"

"நான் கேட்டனான். உம்மை எண்டா வரட்டுமாம்."

"என்னை நம்புறாவோ?"

"நம்பிக்கை எண்டில்லை" என்றார் இன்னாசித்தம்பி. சாரதி அவசரப்படுத்தி ஹோர்ண் அடித்தான். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. "நீர் பிழை விட்டா எங்கை போறது, ஆரைப் பிடிக்கிறது எண்டு எனக்கு இப்ப வடிவாத் தெரியும். நான் அப்பிடிப் போவன் எண்டு மற்ற டொக்டர்மாருக்குத் தெரியாது. உமக்குத் தெரியும்."

"நாளைக்கு முதல் படகிலை வாறன்" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள்.